டேவிட் போவியை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

தம்பி, நீங்கள் கேட்டது இது: "டேவிட் போவியின் பாட்டு பத்துப் பன்னிரண்டு கேட்டுவிட்டேன். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் பாடின மாதிரி இருக்கிறது. வேஷம் மாற்றியே பெயர் வாங்கியவர் என்று எனக்கு கிட்டார் சொல்லிக்கொடுப்பவர் சொல்கிறார். அது சரிதானா? எதிலிருந்து ஆரம்பித்தால் பிடிபடும்?" பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டே நண்பர்களோடு தமிழில் ராக் பாட்டு எழுதி வாசிப்பதாகவும் சொல்லியிருந்தீர்கள். அதனால் பாட்டு கட்டுகிறவருக்குச் சொல்வதாகவே இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

உங்களுக்கு வந்த குழப்பம் எனக்கு ஒன்பது வயதில் வந்தது. ஈசூன் வீட்டில் எங்கள் மாமா வைத்திருந்த ஒரு கேசட்டில் போவியின் 1969 பாட்டு முதல் 1983 பாட்டு வரை முன்னும் பின்னுமாகக் கலந்து கிடந்தன. சிங்கப்பூரில் 1987-ல் புதிய காப்புரிமைச் சட்டம் வரும்வரை இப்படிப்பட்ட கள்ளக் கேசட்டுகள் சாதாரணமாகக் கிடைக்கும். அட்டையில் பாட்டுப் பெயர்கள் மட்டும் தட்டச்சில் இருந்தன, அதிலும் பாதி எழுத்துப்பிழை. நாலைந்து பாடகர்களின் பாட்டைச் சேர்த்துப் பதிந்திருக்கிறார்கள் என்றுதான் நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். "டேய், எல்லாம் ஒரே ஆள்டா" என்று மாமா சொன்ன அன்று, கேசட்டை முதலிலிருந்து மறுபடி ஓட்டிக் கேட்டேன். அப்போதும் நம்பிக்கை வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கிட்டார் ஆசிரியர் சொன்னது பாதி உண்மை. வேஷம் இருந்தது, அது கண்ணுக்கு முதலில் தெரிந்தது. ஆனால் காதுக்கு மாறியது வேறு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் தன்னோடு ஒரே அறையில் நின்று வாசிக்கும் ஆட்களை அவர் மாற்றினார். எஸ்.பி.பி. எம்.எஸ்.வி.யிடம் பாடியதையும், இளையராஜாவிடம் பாடியதையும், ரஹ்மானிடம் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். தொண்டை ஒன்று, உலகம் மூன்று. போவி தன் பாட்டைத் தானே எழுதிய பாடகர். ஆனால் தனக்கு ஒரு இசையமைப்பாளர் வேண்டும் என்பது போல, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஆளைத் தேடிப் பிடித்தார். அவருடைய பாட்டை ஆண்டு வரிசையில் கேட்பதைவிட ஆள் வரிசையில் கேட்டால் சீக்கிரம் பிடிபடும் என்பது என் அனுபவம்.

ஆரம்பகாலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டன் பிரிக்ஸ்டனில் 1947 ஜனவரி 8-ல் பிறந்தவர், சொந்தப் பெயர் டேவிட் ஜோன்ஸ். டேவி ஜோன்ஸ் என்று இன்னொரு பாடகர் இருந்ததால் (பின்னால் மங்கீஸ் என்ற பாப் குழுவில் பிரபலமானவர்) போவி என்று பெயரை மாற்றிக்கொண்டார். பதினேழு வயதில், 1964-ல், முதல் இசைத்தட்டு வந்தது. விற்கவில்லை. 1967-ல் முதல் ஆல்பம். அதுவும் விற்கவில்லை. 1969 ஜூலை 11-ல், அப்பல்லோ 11 கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பு, விண்வெளியில் தொடர்பு அறுந்து மிதக்கும் ஒருவனைப் பற்றிய 'ஸ்பேஸ் ஆடிட்டி' வெளிவந்து பிரிட்டனில் 5-வது இடத்துக்குப் போனது. அப்புறம் மூன்று ஆண்டுகள் மறுபடி ஒன்றுமில்லை. ஒரு பாட்டு வெற்றிபெற்று அடுத்தது வராமல் நிற்கும் அந்த மூன்று ஆண்டுகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஏனென்றால் அவருக்குச் சரியான ஆள் கிடைத்தது அப்போதுதான்.

அந்த ஆள் மிக் ரான்சன். ஹல் நகரில் நகராட்சித் தோட்டக்காரராக வேலை பார்த்தவர். 1970 தொடக்கத்தில் போவியோடு சேர்ந்தார். கிட்டாரும் வாசிப்பார், வயலின் கூட்டத்துக்கு நோட்டும் எழுதுவார். 1971 டிசம்பரில் வந்த 'ஹங்கி டோரி' ஆல்பத்தில் 'லைஃப் ஆன் மார்ஸ்?' என்ற பாட்டைக் கேளுங்கள். இதன் பின்கதை பாட்டு எழுதுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. 1968-ல் ஒரு பிரெஞ்சுப் பாட்டுக்கு ஆங்கில வரி எழுதும் வாய்ப்பு போவிக்கு வந்தது. எழுதிக் கொடுத்தார், நிராகரித்துவிட்டார்கள். பிறகு அதே மெட்டுக்குப் பால் ஆங்கா வரி எழுதினார். அதுதான் ஃபிராங்க் சினாட்ரா பாடி உலகம் முழுக்கத் தெரிந்த 'மை வே'. அந்தக் கசப்பில், அதே மாதிரி ஸ்வர நடையில் தனக்கென்று ஒரு பாட்டு எழுதிக் காட்டினார் போவி.

கீபோர்டில் வாசித்துப் பாருங்கள். முதல் வரியில் இடது கை எஃப், இ, இ ஃப்ளாட், டி என்று அரை அரைச் சுரமாகப் படியிறங்கும். மேலே குரல் கதை சொல்லிக்கொண்டே போகும். அப்புறம் ரான்சன் எழுதிய வயலின்கள் சேர்ந்து பாட்டை மேலே தூக்கி, பல்லவியின் கடைசி வார்த்தையில் உச்சத்தில் நிறுத்தும். பியானோ வாசித்தவர் ரிக் வேக்மன். இவ்வளவு பெரிய பாட்டில் வேஷம் எதுவும் இல்லை. நம்ம ஊர்க் காதுக்கு இந்தப் பாட்டு உடனே ஒட்டும் என்று நினைக்கிறேன், திரைப்பாட்டில் வயலின் கூட்டம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

அடுத்து 1972, ஸிக்கி ஸ்டார்டஸ்ட். சிவப்பு முடி, மினுக்கும் உடை, வேற்றுக்கிரகத்து ராக் பாடகன் என்ற பாத்திரம். உங்கள் ஆசிரியர் சொல்லும் வேஷம் இதுதான். அந்த ஆல்பத்தில் 'ஸ்டார்மேன்' என்ற பாட்டு முதலில் இல்லவே இல்லை. வானொலியில் ஒலிக்க ஒரு பாட்டு வேண்டும் என்று இசைத்தட்டு நிறுவனம் கேட்டதால் கடைசியில் எழுதிச் சேர்த்தார். பல்லவியின் தலைப்பு வார்த்தையைக் கவனியுங்கள். முதல் அசை கீழ் ஸ்தாயியில், அடுத்த அசை அதே சுரத்தில் மேல் ஸ்தாயியில், ஒரே தாவல். 'ஓவர் தி ரெயின்போ' பாட்டின் தொடக்கத்தில் உள்ள அதே தாவல். அந்த ஒரு தாவலில் பாட்டு மனதில் நின்றுவிடுகிறது. 1972 ஜூலை 6-ல் பிபிசி தொலைக்காட்சியில் இதைப் பாடும்போது ரான்சன் தோளில் கை போட்டுக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்து விரலைச் சுழற்றிக் காட்டினார். அன்று அதைப் பார்த்த பிள்ளைகள் பலர் பிற்பாடு பாடகர்களானார்கள்.

ஒரு வருடம்கூட முழுதாக ஓடவில்லை. 1973 ஜூலை 3-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் அரங்க மேடையிலேயே, இதுதான் கடைசி நிகழ்ச்சி என்று அறிவித்துவிட்டார். டிரம்ஸ் வாசித்த உட்மான்ஸிக்கும் பேஸ் வாசித்த போல்டருக்கும் அது முன்கூட்டித் தெரியாது. ரசிகர்கள் இதை வீரச்செயல் போலச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட நின்று வாசித்தவர்களுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் ஒரு பேண்டில் இருக்கிறீர்கள், இது உங்களுக்குப் புரியும்.

1974-ல் பிலடெல்ஃபியா போனார். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசை பதிவாகும் சிக்மா சவுண்ட் ஸ்டுடியோவில் 'யங் அமெரிக்கன்ஸ்' ஆல்பம். அங்கே பின்னணி பாடிய ஒரு இளைஞர் லூத்தர் வாண்ட்ராஸ், அப்போது யாருக்கும் தெரியாத பெயர். கிட்டாருக்கு வந்தவர் கார்லோஸ் அலோமார். அலோமாரும் ஜான் லெனனும் சேர்ந்து உருவாக்கிய 'ஃபேம்' 1975-ல் அமெரிக்காவில் போவியின் முதல் நம்பர் ஒன் ஆனது. இந்த அலோமார் பெயரை மறக்காதீர்கள். அவரோடு பேஸில் ஜார்ஜ் மரே, டிரம்ஸில் டென்னிஸ் டேவிஸ் சேர்ந்த மூவர் கூட்டணிதான் 1976 முதல் 1980 வரை போவியின் ஆல்பங்கள் அத்தனைக்கும் அடித்தளம். ஜெர்மானிய எலக்ட்ரானிக் இசை என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பாட்டுகளுக்கு அடியில் நியூயார்க் ஃபங்க் தாளம் ஓடிக்கொண்டிருக்கிறது. இது காதில் விழாமல் அந்த ஆல்பங்களைக் கேட்டால் வறண்டு தெரியும். விழுந்துவிட்டால் கால் தானாக ஆடும்.

லாஸ் ஏஞ்சலஸில் இருந்த காலம் மோசம். போதைப்பழக்கம் எலும்பும் தோலுமாக ஆக்கிவிட்டது. 'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்' ஆல்பத்தைப் பதிவு செய்ததே தனக்குச் சரியாக நினைவில்லை என்று பின்னால் சொன்னார். 1976-ல் ஹிட்லரைப் பற்றிப் பொறுப்பில்லாமல் பேசியதும் உண்டு, பிற்பாடு வருந்தியதும் உண்டு. அங்கிருந்து தப்பி, இகி பாப் என்ற பாடக நண்பரோடு மேற்கு பெர்லினில் ஷோனபெர்க் பகுதியில் ஒரு சாதாரண வீட்டில் குடியேறினார்.

'லோ', 'ஹீரோஸ்', 'லாட்ஜர்' மூன்றையும் பெர்லின் ஆல்பங்கள் என்பார்கள். உண்மையில் முழுக்க பெர்லினில் பதிவானது 'ஹீரோஸ்' ஒன்றுதான். 'லோ'வின் பெரும்பகுதி பிரான்ஸில் ஒரு பழைய மாளிகையில் பதிவானது. மூன்றையும் போவியோடு சேர்ந்து தயாரித்தவர் டோனி விஸ்கான்டி, கூட உட்கார்ந்து யோசித்தவர் பிரையன் ஈனோ.

'ஹீரோஸ்' பாட்டின் குரல் பதிவை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், நான் இதுவரை அறிந்த பதிவுகளில் இதற்கு ஈடு கிடையாது. 1977, ஹான்ஸா ஸ்டுடியோ. பழைய கச்சேரி மண்டபம் அது, பெர்லின் சுவர் சில நூறு மீட்டர் தூரத்தில். டேப்பில் குரலுக்கு ஒரே ஒரு டிராக்தான் மிச்சம். அதனால் மறுபடி பாடினால் முந்தையது அழிந்துவிடும். விஸ்கான்டி மூன்று மைக்குகள் வைத்தார். ஒன்று வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், இரண்டாவது 20 அடி தள்ளி, மூன்றாவது மண்டபத்தின் அந்தப் பக்கம் 50 அடியில். முதல் மைக் எப்போதும் திறந்திருக்கும். குரல் ஓரளவு ஓங்கினால்தான் இரண்டாவது திறக்கும், தொண்டை கிழியக் கத்தினால்தான் மூன்றாவது திறக்கும்.

இப்போது ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். தொடக்கத்தில் காதோரம் பேசுவது போல, கீழ் ஸ்தாயியில், எதிரொலியே இல்லாத குரல். பாதிக்கு மேல் அதே மெட்டை ஒரு ஸ்தாயி ஏற்றிப் பாடுகிறார். அப்போது மண்டபம் முழுவதும் சேர்ந்து அதிர்வது கேட்கும். எதிரொலி பிறகு பூசப்பட்டது இல்லை, அவர் கத்தியதால் அந்த அறை திறந்த சத்தம் அது. 'ஸ்டார்மேன்' பாட்டில் ஒரு வார்த்தைக்குள் செய்த தாவலை இங்கே ஒரு முழுப் பாட்டுக்கும் நீட்டியிருக்கிறார் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. பின்னால் நீளமாக ஊளையிடும் கிட்டார் ராபர்ட் ஃபிரிப் வாசித்தது. எந்த இடத்தில் நின்றால் எந்தச் சுரம் தானாக அதிரும் என்று தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு வாசித்தார்.

சுவரோரம் முத்தமிட்டுக்கொள்ளும் காதலர்கள் பாட்டில் வருகிறார்கள். பாட்டு எழுதிக்கொண்டிருந்தபோது விஸ்கான்டியும் பின்னணி பாடிய அன்டோனியா மாஸ் என்ற பெண்ணும் வெளியே நின்றதை ஜன்னல் வழியே பார்த்து எழுதிய வரி அது. விஸ்கான்டிக்கு அப்போது கல்யாணம் ஆகியிருந்ததால் போவி பல ஆண்டுகள் அதை வெளியில் சொல்லவில்லை. இவ்வளவும் சேர்ந்த பாட்டு, வெளிவந்தபோது பிரிட்டனில் 24-வது இடத்தோடு நின்றுவிட்டது. மதிப்பு மெல்ல மெல்லத்தான் ஏறியது.

1983. 'லெட்ஸ் டான்ஸ்' பாட்டை முதலில் ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரில், நாட்டுப்பாட்டு மாதிரி வாசித்துக் காட்டினார் போவி. கேட்டவர் நைல் ராட்ஜர்ஸ், ஷீக் குழுவின் கிட்டாரிஸ்ட். அதை நடனமாடும் பாட்டாகத் திருப்பிப் போட்டவர் அவர். எப்படிப்பட்ட ஆல்பம் வேண்டும் என்று கேட்டதற்கு, பழைய ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்ட் சிவப்பு உடையில் சிவப்புக் காரில் ஏறும் ஒரு புகைப்படத்தைக் காட்டினாராம் போவி. டெக்ஸஸிலிருந்து, அதுவரை சொந்த ஆல்பமே வெளியிடாத ஸ்டீவி ரே வானைக் கிட்டாருக்கு அழைத்துவந்தார்கள். போவி அந்த ஆல்பத்தில் ஒரு வாத்தியத்தைக்கூடத் தொடவில்லை. பாடினார், அவ்வளவுதான். ஒரு கோடிக்கும் மேல் விற்றது.

அந்தச் சுற்றுப்பயணம்தான் 1983 டிசம்பரில் சிங்கப்பூருக்கு வந்தது. எங்கள் மாமா போனார். எழுபதுகளில் நீண்ட முடி வைத்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டியிருந்த ஊர் இது. ஸிக்கி காலத்தில் போவி வந்திருந்தால் தபால் நிலையத்தில்கூட வரிசையின் கடைசியில்தான் நின்றிருப்பார். 1983-ல் அவர் வந்தது குட்டை முடியும் வெளிர்நிற சூட்டுமாக. "பேங்க் மேனேஜர் மாதிரி இருந்தாருடா, ஆனா பாடினா மேனேஜர் இல்ல" என்று மாமா இன்றும் சொல்வார். அப்போது சிங்கப்பூர், பேங்காக், ஹாங்காங் மூன்று ஊர்களிலும் அவரோடு சுற்றி எடுத்த 'ரிகோஷே' என்ற ஆவணப்படம் உண்டு. பழைய சிங்கப்பூரைப் பார்ப்பதற்காகவாவது பாருங்கள்.

அதன் பிறகு வந்த இரண்டு ஆல்பங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கூட்டம் எதை விரும்பும் என்று யோசித்துச் செய்தவை, 1987 ஆல்பத்தைத் தன் சறுக்கல் என்று அவரே ஒப்புக்கொண்டார். மீள்வதற்கு அவர் செய்தது பழைய வழிதான், ஆளை மாற்றினார். டின் மெஷின் என்ற பேண்டில் நால்வரில் ஒருவராக நின்றார். பாட்டுகள் சுமார், ஆனால் அங்கே கிடைத்த கிட்டாரிஸ்ட் ரீவ்ஸ் கேப்ரல்ஸ் பத்து ஆண்டு கூடவே இருந்தார். 1995-ல் மறுபடி ஈனோவோடு ஒரு ஆல்பம், 1997-ல் லண்டன் இளைஞர்களின் டிரம் அண்ட் பேஸ் தாளத்தில் இன்னொன்று. அதே 1997-ல் தன் பழைய பாட்டுகளின் எதிர்கால வருமானத்தை வைத்து 5.5 கோடி அமெரிக்க டாலருக்குக் கடன்பத்திரம் விற்றார். நம்ம ஊர் நிதித்துறைக்காரர்கள் சிலருக்குப் பாட்டைவிட இது நன்றாகத் தெரியும்.

2004 மார்ச்சில் சிங்கப்பூர் உள்ளரங்கத்துக்கு மறுபடி வந்தார். நானும் மாமாவும் காலாங் எம்ஆர்டியில் இறங்கி நடந்து போனோம். மேல் வரிசையில்தான் இடம். மேடையில் நின்றவர்களைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பியானோவில் மைக் கார்சன், ஸிக்கி காலத்திலேயே சேர்ந்தவர். கிட்டாரில் ஏர்ல் ஸ்லிக், 1974 ஆள். பேஸில் மொட்டைத்தலை கெயில் ஆன் டோர்சி, 1995-ல் வந்தவர். என் கேசட்டில் கலந்து கிடந்த காலங்கள் எல்லாம் ஒரே மேடையில். இன்னொன்றும் கவனித்தேன். குரல் ஓங்கும் இடங்களில் மைக்கை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிப்பார், மெல்லப் பாடும்போது உதட்டில் ஒட்டவைப்பார். அவ்வளவு தூரத்திலிருந்தும் அது தெரிந்தது. அந்த ஆண்டு ஜூனில் ஜெர்மனியில் ஒரு விழா மேடைக்குப் பிறகு இதய ரத்தக்குழாய் அடைப்புக்குச் சிகிச்சை எடுத்தார். அதற்கப்புறம் எந்தச் சுற்றுப்பயணமும் போகவில்லை.

கிட்டத்தட்ட பத்து ஆண்டு மௌனம். 2013-ல், தன் 66-வது பிறந்தநாளன்று, முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு புதுப் பாட்டு வெளியிட்டார். கூடவே ஒரு ஆல்பம் தயாராக இருந்தது. அடுத்ததற்கு யாரைப் பிடித்தார் தெரியுமா? நியூயார்க்கில் ஒரு சின்ன பாரில் வாசித்துக்கொண்டிருந்த டானி மெக்காஸ்லின் என்ற ஜாஸ் சாக்ஸபோன் கலைஞரையும் அவருடைய குழுவையும். 2014-ல் நேரில் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அந்தக் குழுவை அப்படியே ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்தார். தயாரிப்பு மறுபடி விஸ்கான்டி. போவி சின்ன வயதிலேயே கற்ற வாத்தியம் சாக்ஸபோன். கடைசி ஆல்பத்தில் குரலுக்குப் பக்கத்திலேயே அது நிற்கிறது. புற்றுநோய் இருந்தது வெளியே தெரியாது. 'பிளாக்ஸ்டார்' 2016 ஜனவரி 8-ல், 69-வது பிறந்தநாளில் வந்தது. ஜனவரி 10-ல் இறந்தார். அமெரிக்காவில் அவருக்கு நம்பர் ஒன் இடம் பெற்றுத் தந்த முதல் ஆல்பம் அதுதான்.

இங்கே செய்தி வந்தது திங்கட்கிழமை பிற்பகல். தேக்காவில், கேம்பல் லேன் பொங்கல் கடைகளில் நான் பானை பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா போனில் "போயிட்டாருடா" என்றார். யார் என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முதல் வாரம் 'ஹங்கி டோரி' முழுதாக. ரான்சனின் வயலின்களை மட்டும் பின்தொடருங்கள். அடுத்து 'ஸ்டேஷன் டு ஸ்டேஷன்', அலோமார் மூவருக்காக. உங்கள் பேஸ் வாசிக்கும் நண்பரையும் கூட உட்கார வையுங்கள். மூன்றாவது 'ஹீரோஸ்', இரவில், ஹெட்போனில். 'லெட்ஸ் டான்ஸ்' எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். 'பிளாக்ஸ்டார்' கடைசியாக.

அதன் கடைசிப் பாட்டுக்கு வரும்போது ஒரு ஹார்மோனிகா ஒலிக்கும். நிறுத்திவிட்டு 1977-ன் 'லோ' ஆல்பத்துக்குப் போய், முதல் பக்கத்தின் கடைசியில் உள்ள வரிகளில்லாத 'எ நியூ கேரியர் இன் எ நியூ டவுன்' என்ற இசையைப் போடுங்கள். அங்கே வரும் ஹார்மோனிகாவைக் கேட்டுவிட்டு மறுபடி இதற்கு வாருங்கள்.